காது வெட்டிய குட்டி

சாம்பலையும் மஞ்சளையும் தேங்காயெண்ணெயில் குழைத்து, புதிதாக வெட்டிய ஒரு காதில் அப்பும்போது எழுகிற மணத்தை நான் வேறு எங்கும் முகர்ந்ததில்லை. கொஞ்சம் அடுப்பு, கொஞ்சம் மருந்து, கொஞ்சம் இரத்தம். அதற்கடியில் பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டியின் புளித்த வீச்சம். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே, கல்முனை வீதியை ஒட்டிக் கிடக்கிற மணல் ஊர் ஒன்றில் நான் வளர்ந்தேன். அங்கே ஒரு வளவிலிருந்து அந்த மணம் வந்தால், அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு ஏதோ ஆபத்து என்று அயலவர்கள் விளங்கிக்கொள்வார்கள். என்னவென்று கேட்கமாட்டார்கள்.

அதற்கு "நேத்திக்குட்டி" என்று பெயர். பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், பாம்புக்கடி, அல்லது பிள்ளை தோணியில் போய்ச் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால், தாய் எங்கள் கோயில் புனிதர் அந்தோனியாரிடம் ஓர் ஆட்டுக்குட்டியை நேர்ந்துகொள்வாள். வீட்டு ஆடு அடுத்து ஈனுகிற கடாக்குட்டியின் இடக்காது நுனியை வெட்டி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து அது விற்பனைக்கும் இல்லை, சட்டிக்கும் இல்லை. ஊரில் எந்த வேலியில் வாய் வைத்தாலும் ஒருவரும் அடிப்பதில்லை. ஆனி மாதத் திருநாளன்று, யாருக்காக நேர்ந்தார்களோ அந்தப் பிள்ளையே கயிற்றைப் பிடித்துக் குட்டியைக் கோயிலைச் சுற்றி நடத்திக்கொண்டு வந்து, வாசலில் நிற்கிற மூப்பரிடம் கொடுக்கும். பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்கு வரும். குட்டி ஊர்ச் சமையலுக்குப் போகும். பிள்ளைக்குப் பதில் குட்டி. விளங்கப்படுத்த வேறொன்றும் இல்லை. ஒரு குறிப்பு மட்டும் உண்டு. திருநாளுக்கு முன் குட்டி செத்துவிட்டால் நேத்தி தீராது. அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கிற கடாக்குட்டியின் காதை வெட்டவேண்டும்.

காதை ஏன் வெட்டவேண்டும் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. அதைச் சொன்னவர் ஏறாவூரிலிருந்து சைக்கிளில் ஆடு வாங்க வருகிற வியாபாரி. முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் அவரை நாங்கள் "காக்கா" என்று கூப்பிடுவோம். எங்கள் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: "எங்கட ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கிற உருப்படியில ஒரு பழுதும் இரிக்கப்படா தங்கச்சி. காது அறுந்தத நாங்க தொடமாட்டம். அதுதான் உங்கட ஆக்கள் வெட்டிட்டாங்க. எனக்கு ஏய்ச்சி விக்கவும் ஏலாதே!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கவேண்டும். கையில் அவசரம் வந்தால் நேர்ந்ததையும் விற்றுவிடுகிற மனிதர்கள் எங்கும் உண்டு. காது வெட்டிய குட்டியை யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்பது ஒரு காவல்.

ஆடு என்று நான் சொல்வதெல்லாம் வெள்ளாடு. செம்மறியை எங்கள் ஊரில் யாரும் வளர்க்கவில்லை. பலர் பார்த்ததும் இல்லை. ஆனால் செம்மறி இல்லாத பூசை இல்லை. பலிபீடத்தின் முகப்பில் கொடியேந்திய செம்மறி ஒன்று மரத்தில் செதுக்கப்பட்டிருந்தது. செதுக்கியவர் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கித் தச்சர், நல்ல கைகாரர். அவரும் செம்மறியைக் கண்டதில்லை போலும், தான் அறிந்த ஆட்டைச் செதுக்கிவிட்டார். செம்மறியின் வால் தொங்கும். வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும். எங்கள் பீடத்துச் செம்மறியின் வால் மேலே நின்றது. மன்னார்ப் பக்கமிருந்து புதிதாக வந்த பாதர் முதல் ஞாயிறே அதைக் கவனித்து, பிரசங்கத்தில் வேடிக்கையாகச் சொன்னார். நியாயத்தீர்ப்பு நாளில் செம்மறிகள் வலப்பக்கமும் வெள்ளாடுகள் இடப்பக்கமும் பிரிக்கப்படும் என்கிற உவமையை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, பின்வாங்கில் இருந்த ஒரு மீன்காரர் எழுந்து கேட்டார்: "அப்ப நம்மட ஊர் ஆக்கள் எல்லாம் இடப்பக்கந்தான் போல, என்ன பாதர்?" கோயிலே சிரித்தது. பாதரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வளவு ஆடுகள் எந்தப் பிழையும் செய்யாமலே இடப்பக்கம் நிறுத்தப்படுவது அந்த வயதில் எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

அதே பாதர்தான் பாஸ்கா வாரத்தில் எகிப்தின் கதையைச் சொன்னார். வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி. பழுதில்லாததாக, ஒரு வயதுக் கடாவாக இருக்கவேண்டும். அதன் இரத்தத்தை நிலைக்கதவில் பூசினால் அழிவு அந்த வீட்டைக் கடந்து போகும். அவர் நல்ல பேச்சாளர். ஆனால் அன்று கோயில் வேறு விதமாக அமைதியாக இருந்ததை நான் உணர்ந்தேன், காரணம் பிறகுதான் விளங்கியது. "வீட்டுக்கு ஒன்று" என்பது எங்கள் பக்கத்தில் வேத வசனம் அல்ல. துவக்கு வைத்திருந்தவர்கள் படைக்கு ஆள் சேர்க்க வாசலில் வந்து நின்று சொல்கிற கணக்கு அது. வீட்டுக்கு ஒரு பிள்ளை. அவர்களும் பழுதில்லாததைத்தான் எடுத்தார்கள். கால் ஊனமான பிள்ளையை, வலிப்பு உள்ள பிள்ளையை, ஒரு கண் தெரியாத பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் பக்கத்து வீட்டுத் தாய் ஒருத்தி தன் மகனின் சூம்பிய காலைத் தடவிக்கொண்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தில் கவலை இல்லை.

என் அண்ணன் அமலனிடம் ஒரு பழுதும் இருக்கவில்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அப்பா எனக்கு நினைவு தெரியுமுன்பே காய்ச்சலில் போய்விட்டதால் வீட்டில் அவன்தான் ஆண். பந்தடிப்பான், வாவியில் மூச்சடக்கி நீந்துவான். இயக்கம் கிழக்கில் இரண்டாக உடைந்த அந்த வருடம், யார் வருகிறார்கள், யாருக்காகக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் போனது. ஐப்பசி மழையில் எங்கள் ஆடு ஈன்ற கடாக்குட்டியை அம்மா எடுத்து முழங்கால்களுக்கிடையில் வைத்து, வலை வெட்டுகிற கத்தியால் காதை வெட்டினார். குட்டி ஒருதரம் கத்தியது. அண்ணன் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆருக்கு கா நேத்தி?" என்று தெரியாதவன்போலக் கேட்டான். அம்மாவைச் சீண்டவேண்டுமென்றால் அவன் ஊர்ப் பெண்களைக் கூப்பிடுவதுபோல "கா" போட்டுத்தான் பேசுவான்.

"உன்ட கொழுப்புக்கு" என்றார் அம்மா.

அன்றிலிருந்து அவன் அந்தக் குட்டியை "டூப்பு" என்று கூப்பிட்டான். படத்தில் கதாநாயகன் கூரையிலிருந்து குதிக்கவேண்டிய இடத்தில் வேறொருவன் குதிப்பானே, அந்த டூப்பு. கூட்டாளிகள் வந்தால், "பார் மச்சான், என்ட டூப்பு வாறான், அடி விழுகிற சீனெல்லாம் இனி இவருக்குத்தான்" என்று அறிமுகப்படுத்துவான். அம்மா அகப்பையை ஓங்குவார். ஆனால் குட்டிக்குக் குழை வெட்டி வருவது அவன்தான். வேறு யாரும் வெட்டி வந்தால் அது சரியாகத் தின்னாது என்பது அவனுடைய எண்ணம்.

நத்தார்ப் பெருநாளுக்கு மறுநாள், சுனாமி வந்த காலையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நானே பத்திரிகைக்கு ஆண்டு நினைவுக் கட்டுரைகளாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அதே சொற்கள் வருவது அலுத்து, கடைசியில் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். இங்கே தேவையானது இவ்வளவுதான். அம்மாவும் நானும் காலைப் பூசை முடிந்து வாவிப் பக்கம் உள்ள தெரிந்த வீட்டுக்குப் போயிருந்தோம். பூசைக்கு வராத அண்ணன் வீட்டில் இருக்கிறான் என்றே நினைத்தோம். வீடும் கோயிலும் கடல் பக்கம். கடல் வந்து வாவியைத் தொட்டுவிட்டுப் போனது. நாங்கள் ஒரு மதிலின் மேல் இருந்து பார்த்தோம். வீடு இருந்த பக்கத்தில் தென்னைகள் மட்டும் நின்றன. மத்தியானத்துக்குப் பிறகு, சேறான ஒழுங்கையால் அண்ணன் வந்தான். குட்டியைக் கழுத்தின் பின்னால் போட்டு, நான்கு கால்களையும் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். கோயிலில் மாட்டியிருந்த நல்ல மேய்ப்பன் படம் அப்படித்தான் இருக்கும். படத்தில் இருப்பவர் சாந்தமாக நிற்பார்; அண்ணன் நடந்து நடந்து வாந்தி எடுத்தான், அவ்வளவு உப்புத்தண்ணீர் குடித்திருந்தான். நாங்கள் பூசைக்குப் போன பிறகு குட்டி கயிறறுத்துக்கொண்டு வாவிப் பக்கம் ஓடியிருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு போனதால் அவன் வீட்டில் இல்லை.

"டூப்பு என்னக் காப்பாத்திட்டுது" என்றான். அன்று அவன் பகிடியாகச் சொல்லவில்லை.

கோயிலில் அத்திவாரமும் இரண்டு படிகளும் மிஞ்சின. பீடத்தின் பலகை ஒன்று வாவியோரக் கண்டல் வேர்களுக்குள் கிடைத்தது, செம்மறி கிடைக்கவில்லை. அதைச் செதுக்கிய தச்சரும் அவர் வீட்டாரும் நகரத்துக் கரையில் கடலோடு போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்து தகரக் கொட்டிலுக்கு மாறினோம். ஆனி மாதம் வந்தபோது பாதர் அம்மாவிடம், திருநாள் இந்த வருடம் இல்லை, குட்டியை முகாம் சமையலுக்குக் கொடுத்தால் அதுவும் அந்தோனியாருக்குப் போனதுதான் என்றார். சனம் பருப்பும் சோறும் தின்று சலித்திருந்த நேரம். அம்மா தலையாட்டவில்லை. கோயிலைச் சுற்றி நடத்தாமல் கொடுத்தால் நேத்தி எப்படித் தீரும் என்பது அவருடைய கேள்வி.

"கோயில் இல்லாட்டி அத்திவாரத்தச் சுத்துவம் அம்மா" என்றான் அண்ணன். "அந்தோனியார் குறை சொல்லமாட்டார். அவரும் இப்ப எங்கயோ தகரக் கொட்டில்லதான் இரிப்பார்."

"வாய மூடு. கோயில் கட்டட்டும்."

கோயில் கட்ட நாட்பட்டது. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு கட்டலாம் என்றார்கள். பிறகு சண்டை மீண்டும் தொடங்கியது. குட்டி கடாவானது, தாடி வைத்தது, கொட்டில்களுக்கிடையே காதறுந்த பெரிய மனிதரைப்போல நடந்து திரிந்தது. படுவான்கரையிலிருந்து செல்லடிக்குத் தப்பிய சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்து கூடாரங்களில் நிறைந்தபோது, உன்னிச்சையிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "நாங்க கண்டும் பசுவுமா அம்புட்டையும் வயல் வட்டையில விட்டுட்டு உசிரக் கையில புடிச்சிக்கிட்டு வந்தம். நீங்க ஒரு கிழட்டுக் கடாவக் கட்டிவெச்சிக் காக்கிங்க." அம்மா கடாவைக் கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார். அந்த நேரம் அண்ணன் இல்லாமல் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

அவன் கடாவுக்குக் குழை வெட்டப் போனான். பட்டப்பகல். மழை விட்டிருந்தது. பிரதான வீதிக்குப் போகிற ஒழுங்கையின் முனையில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது; கரியரில் பூவரசங்குழை கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது, ஒரு இலைகூட வாடவில்லை. வாகனம் ஒன்று நின்றதை இரண்டு பேர் கண்டிருக்கிறார்கள். அதன் நிறத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் சொன்னார்கள். பிறகு இருவருமே எதையும் காணவில்லை என்றார்கள். அப்போது ஊரில் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒரு தரப்பினர் அல்லர். கொண்டுபோனது யார் என்று அன்று தெரியவில்லை. இத்தனை வருடம் செய்தி அறையில் வேலை பார்த்த பின்னும் உறுதியாக எழுத ஒரு வசனம் என்னிடம் இல்லை.

அம்மா அழுததை நான் அதிகம் பார்க்கவில்லை. அந்தக் குழையை அவிழ்த்துக் கடாவுக்குப் போட்டார். அது தின்று முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு அதன் வெட்டுக்காதைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொன்னார்:

"குட்டிட காத வெட்டினன். அவன்ட காத வெட்டியிருக்கணும் நான்."

பழுதில்லாத செம்மறி பற்றிய எந்தப் பிரசங்கத்தை இன்று கேட்டாலும் எனக்கு இந்த வார்த்தைதான் கேட்கிறது. பலிக்குரியது பழுதற்றதாக இருக்கவேண்டும் என்று வேதம் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களோ நேர்ந்த அன்றே குட்டியில் ஒரு பழுதை உண்டாக்கிவிட்டுக் கொடுத்தார்கள். தவறு என்றுதான் பாதர்மார் சொல்லியிருப்பார்கள். காப்பாற்ற நினைப்பதில் ஒரு குறையை உண்டாக்கிவைப்பது அவர்களுக்குத் தெரிந்த வழி. அதை ஆட்டில் செய்தார்கள், பிள்ளையில் செய்ய மனம் வரவில்லை.

யுத்தம் முடிந்த அன்று நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் காவல் நின்றவர்கள் போகிற வருகிறவர்களுக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். அம்மா வாங்கினார், வாங்காமல் நடப்பது அன்று புத்தியல்ல. வீட்டுக்குக் கொண்டுவந்து கடாவுக்கு வைத்தார். அது முகர்ந்துவிட்டு விலகிப் போனது. அடுத்த மாதங்களில் அம்மா அண்ணனின் பள்ளிக்கூடப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு பிடிபட்டவர்களை வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கு ஏறி இறங்கினார். கண்டதாக ஒருவன் சொன்னான். அவன் கண்டது வேறு அமலன். பூசையில் அப்பம் பிட்கிற வேளையில் செம்மறியை அழைத்து மூன்று தரம் மன்றாடுவோம். முதல் இரண்டு தரம் இரக்கம் கேட்போம், மூன்றாம் தரம் சமாதானம். சண்டைக் காலத்தில் அந்த மூன்றாம் தரத்துக்குச் சனத்தின் குரல் தானாக ஏறும். இப்போது மூன்றும் ஒரே குரலில் போகின்றன.

கடா கிழமாகித் தானாகச் செத்தது. அம்மா அதை வளவில் புதைத்தார், அடுத்துப் பிறந்த கடாக்குட்டியின் காதை வெட்டினார். அதற்குள் புதிய கோயிலும் எழும்பிவிட்டது. பீடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சாந்துச் செம்மறி. சுருள் சுருளாக மயிர், வால் சரியாகத் தொங்குகிறது. இனிச் சுற்ற ஒரு கோயில் இருந்தது. கயிற்றைப் பிடிக்கப் பிள்ளைதான் இல்லை. மூன்றாவது குட்டிக்கும் காது வெட்டியபோது, அப்போதிருந்த இளம் பாதர் வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேசினார். இறந்தவர்களுக்கான பூசை ஒன்றை அமலன் பெயரில் வைக்கலாம். தாயே குட்டியைக் கொண்டுவந்து கொடுக்கலாம். நேத்தியும் தீரும், மனமும் ஆறும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்த உத்தியோகத்தர்களும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

அம்மா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "குட்டியக் குடுத்தா அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி பாதர். நான் சொல்லமாட்டன். கொண்டுபோனவன் வந்து சொல்லட்டும்."

நான் கொழும்பில் பத்திரிகை ஒன்றில் பிரதிகளைத் திருத்துகிறேன். "காணாமல் போனோர்" என்று வருகிற இடங்களில் இரண்டாவது சொல்லை வெட்டி "ஆக்கப்பட்டோர்" என்று மாற்றுவேன். சில நாட்களில் மேலிருந்து அது திரும்பவும் மாற்றப்பட்டு வரும். என் அபிப்பிராயத்தை யாராவது கேட்டால், அண்ணன் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை என்றே நினைக்கிறேன். அதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். ஏறாவூர்க் காக்காவின் மகன் இப்போது லொறியில் வந்து ஆடு ஏற்றுகிறார். திருநாளுக்கு நேத்திக்குட்டிகள் வருவதில்லை. அம்மாவினுடையதைத் தவிர ஊரில் காது வெட்டிய ஆடு ஒன்றும் கண்ணில் படவில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் சனம் கோயில் வாசல் பெட்டியில் காசு வைத்த கடித உறை போடுகிறது. வால் தூக்கிய செம்மறியைப் பற்றி இளம் பிள்ளைகளிடம் சொன்னால் நான் கதை கட்டுவதாகச் சிரிக்கிறார்கள். மூன்றாவது கடாவும் செத்து, புதிதாக ஒரு குட்டி பிறந்திருந்தது. குசினிக்குப் பின்னால் சாம்பலும் மஞ்சளும் குழைத்து வைத்திருந்தது. அந்த மணம் முற்றத்திலேயே வந்துவிட்டது.

அம்மா குட்டியை முழங்கால்களுக்கிடையில் பிடித்திருந்தார். வலக்கையில் கத்தி ஆடியது. நடுக்கம் தொடங்கி ஒரு வருடமாகிறது என்று அப்போதுதான் சொன்னார். கத்தியை என்னிடம் நீட்டினார். வெட்டினால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நானும் சேர்ந்து சொல்வதாகும். வெட்டாமல் எழுந்தால் மற்றதைச் சொல்வதாகும். குட்டியின் காது மெல்லியதாக, சூடாக இருந்தது. வெயிலுக்குப் பிடித்தால் நரம்பு தெரியும்.

"என்ன புள்ள பாத்துக்கிட்டு நிக்காய்? கை கழுவி வந்துதானே நிக்காய். வெட்டு."

வெட்டினேன். குட்டி ஒருதரம் கத்தித் தலையை உதறியது. என் சட்டையில் இரண்டு துளி விழுந்தது. அம்மா சாந்தை அப்பினார். கண்ணை இடுக்கிக்கொண்டு சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டினார். முடிச்சு விழ நேரம் எடுத்தது, நான் உதவவில்லை. கட்டி முடிந்ததும் குட்டியை இறக்கிவிட்டார். அது தாயிடம் ஓடி முட்டிப் பால் குடிக்கத் தொடங்கியது. அம்மா அதைப் பார்த்தபடி, ஒரு வேலை முடிந்த குரலில் சொன்னார்:

"சரி. இனி இத ஒருத்தரும் புடிச்சிக்கிட்டுப் போகமாட்டாங்க."